கடல் சீறும் மாதங்களில் வள்ளத்து எஞ்சினைக் காப்பது எப்படி: குமரிக் கரைக்கான முழுமையான வழிகாட்டி

ஆனி பிறந்து மேற்குக் காற்று வலுத்துவிட்டால் குளச்சல், குறும்பனை, இனயம் பக்கங்களில் பைபர் வள்ளங்கள் மேடேறிவிடும். "நாலு நாள் பொறுத்தால் கடல் அடங்கிவிடும்" என்று எஞ்சினைக் கழற்றித் திண்ணையோரம் சாத்தி வைப்பார்கள். நாலு நாள் நாற்பது நாளாக நீளும். என் சித்தப்பாவின் எஞ்சின் அப்படித்தான் போனது. ஏழு வாரம் கழித்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தபோது கயிறு ஒரு விரற்கடைகூட அசையவில்லை. மெக்கானிக் சிலிண்டர் தலையைத் திறந்தார். பிஸ்டன் வளையம் நின்ற இடத்தில் சிலிண்டர் சுவரைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு துருக்கோடு ஓடியது. குளிர்க்கும் தண்ணீர் ஓடவேண்டிய வழியில் உப்பு, புட்டுக்குழலில் மாவை அமுக்கி அடைத்ததுபோல இறுகியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தியபோது சில்லுச் சில்லாக உதிர்ந்தது.

"மக்களே, கடலில் ஓடிக் கெட்ட எஞ்சினைவிடக் கரையில் கிடந்து கெட்ட எஞ்சின்தான் என்னிடம் அதிகம் வருகிறது" என்றார் அவர். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அந்த ஆகஸ்ட் முழுவதும் அவர் வேறொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். அதைப் பார்த்தபிறகுதான் இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் தண்ணீரும் எண்ணெயும் இடைவிடாமல் நகர்கின்றன. எஞ்சின் நின்றபிறகு உள்ளே தங்கும் உப்புதான் அதை அரிக்கிறது. ஆகவே காப்பு வேலையைச் செய்யவேண்டியது எஞ்சின் நிற்கும் நாளில். மறுபடி கிளப்பும் நாளில் செய்தால் காலம் கடந்துவிடும்.

எஞ்சினோடு வரும் கையேட்டில் "குளிர்காலச் சேமிப்பு" என்று ஒரு பகுதி இருக்கும். அது பனி உறையும் நாடுகளை நினைத்து எழுதியது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடையும். எஞ்சினுக்குள் தேங்கிய தண்ணீர் அப்படி விரிந்தால் உலோகமே வெடித்துவிடும். அதனால் அங்கே நீரை முழுவதும் வடிப்பார்கள், சில வகை எஞ்சின்களில் உறையாத் திரவத்தையும் ஊற்றுவார்கள். நம் கரையில் அந்தத் திரவத்துக்கு வேலை இல்லை. ஆனால் அதே பகுதியில் சொல்லியிருக்கும் கழுவுதல், எரிபொருளை வடித்தல், சிலிண்டருக்கு எண்ணெய் விடுதல், கியர் எண்ணெய் மாற்றுதல் எல்லாம் நமக்கும் அப்படியே பொருந்தும். "நமக்கு ஏது பனி" என்று அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் விட்டுவிடாதீர்கள். பனி செய்யும் கேட்டை இங்கே உப்பும் மழை ஈரமும் செய்கின்றன.

எப்போது தொடங்குவது

நம் மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் உண்டு. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள்தான். ஆனால் ஒன்று கொளுத்தும் வெயிலில் தொடங்குகிறது, மற்றது கொட்டும் மழையில் கழிகிறது. வெளிப்பொருத்து (அவுட்போர்டு) எஞ்சின் வைத்த வள்ளங்களுக்கு இந்தத் தடை இல்லை என்றாலும், மேற்குக் கரையில் ஆனி, ஆடி அலை அவற்றையும் பல நாட்கள் கரையில் நிறுத்திவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. பத்து நாட்களுக்கு மேல் எஞ்சின் ஓடாது என்று தோன்றினால் கீழே சொல்லும் வேலை முழுவதையும் செய்துவிடுகிறேன். மூன்றாம் நாளே கடல் அடங்கினாலும் நட்டமில்லை; செலவானது கொஞ்சம் எண்ணெயும் ஒரு பகல் நேரமும்தான்.

முதல் வேலை: உப்பைக் கழுவுதல்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் பாதி எஞ்சின் பிழைத்தது. பலரும் வெளியே வாளித் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டுக் கழுவியாயிற்று என்கிறார்கள். கழுவவேண்டியது எஞ்சினின் உட்புறம்.

பாதியாக வெட்டிய பெரிய டிரம் ஒன்று வேண்டும். எஞ்சினை உறுதியான மரச்சட்டத்தில் மாட்டி, அடிப்பாகம் டிரம்முக்குள் இறங்கும்படி வையுங்கள். புரொப்பல்லரை முன்னரே கழற்றிவிடுங்கள். அது சுழலும்போது கையோ துணியோ மாட்டினால் விரலோடு போகும். புரொப்பல்லருக்கு மேலே கிடைமட்டமாக நீண்டிருக்கும் தகட்டுக்கு மேல் ஒரு சாண் உயரம்வரை தண்ணீர் நிற்கவேண்டும். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஒரு நொடிகூடக் கிளப்பாதீர்கள். தண்ணீரை உறிஞ்சித் தரும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. ஈரமில்லாமல் சுழன்றால் கண்மூடித் திறப்பதற்குள் உரசிக் கருகிவிடும்.

என்ன தண்ணீர் என்பது முக்கியம். கடலோரக் கிணறுகள் பலவற்றில் உப்புச் சுவை இருக்கும். நாக்கில் வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கலக்குங்கள். நுரை எழும்பாமல் திரிதிரியாகப் பிரிந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. கடலோரமாக ஓடும் ஏ.வி.எம். கால்வாய்த் தண்ணீரும், ஆறு கடலில் சேரும் பொழிமுகத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் நல்லது. அதைவிட நல்லது மழைத் தண்ணீர். ஜூனில் நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஓட்டுக்கூரையில் காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு முதல் மழையில் கழுவிப் போகட்டும், இரண்டாம் மழையிலிருந்து பிடித்து வையுங்கள். நான் இதற்கென்றே ஒரு டிரம்மைக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

நியூட்ரலில், மெதுவான வேகத்தில் ஓடவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாக இருந்தால் இந்த வேலை முழுவதையும் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கார்புரேட்டரிலும் குழாயிலும் நிற்கும் மண்ணெண்ணெய் இந்த ஓட்டத்திலேயே எரிந்து தீரட்டும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். டிரம் தண்ணீரை ஒரு துளி எடுத்துச் சுவைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், எவ்வளவு உப்பு வெளியே வந்திருக்கிறது என்று. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். எஞ்சின் சூடேறினால்தான் தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப அடைப்பான் திறக்கும். அது திறந்தால்தான் நல்ல தண்ணீர் சிலிண்டர் தலையைச் சுற்றி ஓடும். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துகிறவர்களின் எஞ்சினில் உப்பு மிகுதியாகத் தேங்கும் இடம் கழுவப்படாமலே போவது இதனால்தான்.

ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே சொட்டினால் துளையில் அடைப்பு இருக்கலாம், அல்லது இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் இம்பெல்லரை மாற்றக் குறித்து வையுங்கள். ஓய்வுக் காலத்தில் மாற்றினால் நிதானமாக மாற்றலாம்.

புகை போக வழியுள்ள திறந்த இடத்தில்தான் இதையெல்லாம் செய்யவேண்டும். மழை பெய்கிறது என்று கதவடைத்த அறைக்குள் எஞ்சினை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

இரண்டாம் வேலை: எரிபொருளும் சிலிண்டர் எண்ணெயும்

பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. மழைக்காலத்தில் பாதி காலியான டேங்கில் இரண்டு மாதம் கிடந்தால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய் நிற்கும். எஞ்சின் உறிஞ்சும் குழாயின் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது. கார்புரேட்டரின் குட்டிக் கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல் காய்ந்து கோந்துபோல் ஆகி, மயிரிழை அளவுள்ள ஜெட் துளைகளை அடைத்துவிடும். "நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று வேகம் எடுக்கமாட்டேன் என்கிறது" என்று ஆகஸ்டில் கேட்கும் முறையீடுகளில் பெரும்பாலானவை இதில் வந்து முடியும்.

ஆகவே டேங்கைக் காலி செய்யுங்கள். மிஞ்சிய எண்ணெய் கலந்த பெட்ரோலைக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு வள்ளத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றவேண்டாம். டேங்கை மூடி திறந்தபடி காயவைத்து, பிறகு மூடுங்கள்.

இப்போது கவனம் தேவைப்படும் இடம் வருகிறது. கழுவி முடிக்கும் கடைசி நிமிடத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றவேண்டும். கார்புரேட்டரில் மிஞ்சியதை எரித்துவிட்டு எஞ்சின் தானே நிற்கும். ஆனால் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் வருவது பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறையக் குறைய எண்ணெயும் குறைந்து, உள்ளே உலர்ந்த நிலையில் எஞ்சின் நிற்கும். அதற்காகத்தான் எஞ்சின் தடுமாறத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் கார்புரேட்டரின் காற்று வாயில் இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயைச் சிறு எண்ணெய்க் குப்பியால் பீய்ச்சவேண்டும். வெண்புகை குபுகுபுவென்று கிளம்பி எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். அந்தப் புகை வந்தால் எண்ணெய் சென்று சேர்ந்துவிட்டது என்று பொருள். தனியாக நின்று செய்வது சிரமம். ஒருவர் குழாயைக் கழற்ற, மற்றவர் எண்ணெய்க் குப்பியோடு நிற்கட்டும்.

எண்ணெய் டி.சி.டபிள்யூ.3 என்று குறித்த படகு எஞ்சின் எண்ணெயாக இருக்கட்டும். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல. விலை குறைவென்று அதை வாங்குகிறவர்கள் பிளக்கிலும் பிஸ்டன் வளையத்திலும் அந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

எஞ்சின் ஆறியதும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி மிச்சத்தை ஒரு துணியில் வடியுங்கள். தானே நிற்கும்வரை ஓட்டினாலும் அடியில் கொஞ்சம் தங்கியே இருக்கும். பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அவசர நிறுத்தக் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு தொடும்படி வைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை ஐந்தாறு முறை மெதுவாக இழுங்கள். எண்ணெய் சுவர் முழுவதும் பரவும். பழைய பிளக்குகளையே திரும்ப மாட்டி வையுங்கள், புதியவை ஆகஸ்டுக்கு.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போதே அடித்தொட்டி எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் இரண்டு மாதம் பேரிங்குகளில் ஊறக்கூடாது.

மூன்றாம் வேலை: கியர் எண்ணெய்

எஞ்சினை ஓரிரவு நிமிர்த்தி நிற்கவையுங்கள். மறுநாள் காலை அசைக்காமல், அடிப்பாகத்தின் கீழ்த் திருகை மட்டும் மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் துளியை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே புகுந்திருந்தால் அதுதான் முதலில் வரும். தெளிந்த தண்ணீர்த் துளி வந்தாலோ, பால் கூடிப்போன சாயாவின் நிறத்தில் எண்ணெய் வந்தாலோ தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். தேன் நிறமாக இருந்தால் நிம்மதி. கருத்திருந்தால் பழையது, மாற்றினால் போதும். விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் மாவுபோல் இருந்தால் சாதாரணத் தேய்மானம். நெருடும் சில்லுகள் இருந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

பார்த்தபிறகு மேல்திருகையும் கழற்றி முழுவதும் வடியவிடுங்கள். புது எண்ணெயை எப்போதும் கீழ்த் துளை வழியாக ஏற்றவேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுப் பாதிதான் நிரம்பும். மேல்துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்போது முதலில் மேல்திருகை இறுக்குங்கள், பிறகு கீழே குழாயை எடுத்துவிட்டுச் சட்டென்று திருகைப் போடுங்கள். இரண்டு வாஷர்களும் புதிதாக இருக்கட்டும். சில ரூபாய் வாஷருக்குச் சோம்பிப் பழையதையே போட்டுத் தண்ணீர் புகவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"கடலில் இறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்" என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் கலந்த எண்ணெயில் இரண்டு மாதம் ஊறிய பேரிங், புது எண்ணெய் ஊற்றினாலும் பழைய நிலைக்கு வராது. வடித்த கழிவெண்ணெயை மணலிலோ கடலிலோ கொட்டாமல் கேனில் சேர்த்து ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

நான்காம் வேலை: வெளியே தெரியும் பாகங்கள்

புரொப்பல்லர் இருந்த தண்டைக் கூர்ந்து பாருங்கள். தங்கூஸ் நரம்பு (நைலான் தூண்டில் இழை) சுற்றிக்கொண்டு வாஷருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது சுழலச் சுழல உருகி சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெயில் தண்ணீர் கலப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நுனிக்கத்தியால் மெதுவாக எடுங்கள். தண்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் பூசுங்கள். புரொப்பல்லரை மாட்டாமல் வீட்டுக்குள் வைப்பது திருட்டுக்கும் பாதுகாப்பு.

ஆனோடு என்னும் உலோகக் கட்டி, அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு எஞ்சினைக் காப்பாற்றுவது. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடிக்கவே கூடாது. அடித்தால் அது வேலை செய்யாது. எஞ்சின் உடம்பில் பெயிண்ட் உரிந்து வெள்ளைப் பொடி பூத்த இடங்களைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பிறகு பெயிண்ட் பூசுங்கள். கிளாம்ப் திருகுகள், திருப்பும் கைப்பிடி, மேலே தூக்கும் அச்சு ஆகியவற்றில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதுக் கிரீஸ் ஏற்றுங்கள். கழற்றிய ஒவ்வொரு ஸ்டீல் போல்ட்டின் மரையிலும் துளி கிரீஸ் வைத்து மாட்டுங்கள். அலுமினியத்துக்குள் எஃகு உப்போடு சேர்ந்து பிடித்துக்கொண்டால் அடுத்த முறை போல்ட் தலைதான் கையோடு வரும்.

மேல்மூடிக்குள் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்தபிறகு மெல்லிய எண்ணெய்ப் படலமாகத் தெளியுங்கள். டீசலை ஊற்றிக் கழுவும் பழக்கம் நம்மிடையே உண்டு. பளபளப்பாகத்தான் தெரியும். ஆனால் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதில் ஊறிப் பருத்துத் தளர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

எங்கே வைப்பது

நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். அடிப்பாகம் தலையைவிட உயரமாக இருக்கும்படி சாய்த்தால், உள்ளே மிஞ்சிய தண்ணீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். என் சித்தப்பாவின் எஞ்சின் திண்ணையில் கிடந்தது அப்படித்தான். மரச்சட்டத்தில் மாட்டி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கீழே விரித்த சாக்கு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அது வேண்டாம்.

பாலிதீன் தாளால் இறுகக் கட்டுவது பெரிய தவறு. உள்ளே வியர்த்து, அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் எஞ்சினையே நனைக்கும். பழைய பருத்தி வேட்டியோ போர்வையோ போதும். மழை அடிக்காத, காற்றோட்டமுள்ள இடமாக இருக்கட்டும். வலைகளை எஞ்சின்மேல் குவிக்காதீர்கள், வலை முழுவதும் உப்பு. அடுப்பும் விளக்கும் இருக்கும் அறையும் ஆகாது. வயர்களை எலி கடிக்கும், வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிச் சில துளி எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துவிட்டு மூடுங்கள்.

விசைப்படகு டீசல் எஞ்சினுக்கு

கடல்நீர் ஓடும் பக்கம் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவி, வடிதிருகுகளைத் திறந்து வடியுங்கள். எண்ணெயைத் தடைக்காலம் தொடங்கும்போதே மாற்றுங்கள். டேங்க் விஷயத்தில் பெட்ரோலுக்கு நேர்மாறு: டீசல் டேங்கை நிரப்பி வைப்பதுதான் நல்லது. காலியிடம் இருந்தால் காற்றின் ஈரம் உட்சுவரில் நீராகப் படிந்து டீசலில் இறங்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்த்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

மறுபடி கடலுக்கு

கணவாய் மீன் படத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் எல்லோருக்கும் அவசரம். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே எஞ்சினை டிரம்மில் மாட்டுங்கள். முதலில் பிளக் இல்லாமல் கயிற்றை இழுத்து, தேங்கிய எண்ணெயை வெளியேற்றுங்கள். புது பிளக், புது பெட்ரோல், கையேடு சொல்லும் அளவில் எண்ணெய்க் கலவை. எரிபொருள் குழாயிலும் ரப்பர் பல்பிலும் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். கிளம்பியதும் முதல் சில நிமிடம் புகை கனமாக வரும், பயப்படவேண்டாம். தண்ணீர் பீய்ச்சுகிறதா என்பதுதான் முதல் கவலையாக இருக்கவேண்டும். அரை நிமிடத்துக்குள் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

முதல் ஓட்டம் கரை தெரியும் தூரத்துக்குள், இன்னொரு வள்ளம் அருகில் இருக்கும்படி அமையட்டும். திரும்பி வந்த அன்று இரவும் எஞ்சினை நிமிர்த்தி வைத்து, காலையில் கியர் எண்ணெயின் கீழ்த் திருகை ஒரு சுற்று தளர்த்தி ஒரு துளியை வெள்ளைத் துணியில் வாங்கிப் பாருங்கள். தேன் நிறமாகவே இருந்தால் திருகை இறுக்கிவிட்டு வலையை ஏற்றலாம்.